ஹாம் ரேடியோ மன்றத்தில் ரெண்டே பேர்தான் மிச்சம், மண்டபம் பக்கம் பிள்ளைகளை எப்படி இழுப்பது?

மண்டபம் வாத்தியார் எழுதியது:

வணக்கம். மண்டபம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறேன். அமெச்சூர் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸ் செட்டில் ஊர் ஊராகப் பேசும் ஹாம் ரேடியோ, அதற்கு லைசென்ஸ் வைத்திருக்கிறேன். போன ஜூனில் பள்ளியில் ஹாம் ரேடியோ மன்றம் ஒன்று ஆரம்பித்தேன். முதல் வாரம் பதினான்கு பேர் வந்தார்கள். தீபாவளி லீவு முடிந்து திரும்பியபோது ஐந்து பேர். இப்போது ரெண்டே பேர், ரெண்டும் ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகள். நான் வருத்தப்படுவேன் என்றுதான் அவர்களும் வருகிறார்களோ என்று சில நாள் தோன்றுகிறது.

நான் என்னென்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் தப்பு எங்கே என்று நீங்கள் காட்ட முடியும். முதல் மூன்று மாதம் ஓம் விதி, கெபாசிட்டர், அலைநீளம், க்யூ கோடு (ஹாம்களின் மூன்றெழுத்துச் சுருக்கங்கள்) என்று போர்டில் எழுதிப் போட்டேன், லைசென்ஸ் தேர்வுக்கு அதுதானே பாடம். 12 வயது முடிந்தாலே தேர்வு எழுதலாம் என்பதால் எல்லோரையும் எழுத வைத்துவிட வேண்டும் என்று ஆசை. நடுவில் ஒரு நாள் என் ரேடியோ செட்டைக் கொண்டுபோய் 7 மெகாஹெர்ட்ஸில் போட்டுக் காட்டினேன். இரண்டு பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், சிக்னல் ரிப்போர்ட் கொடுத்தார்கள், ஆண்டெனா உயரம் சொன்னார்கள், அப்புறம் முழங்கால் வலிக்குப் போய்விட்டார்கள். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், இதை வாட்ஸ்அப்பிலேயே பேசலாமே?" என்று கேட்டான். கிண்டலுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவன் அடுத்த வாரத்திலிருந்து வருவதில்லை.

இன்னொரு சிக்கல் வீடுகளில். விசைப்படகில் போகும் ஒரு அப்பா பள்ளிக்கே வந்து, "வயர்லெஸ் எல்லாம் வேண்டாம் சார், பிள்ளைக்கு வேறு ஏதாவது சொல்லிக் கொடுங்க" என்றார். எண்பதுகளின் கடைசியில் இந்தக் கரையில் வயர்லெஸ் செட் என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது, செட் என்றாலே இலங்கைப் போராளிகளோடு தொடர்பு என்ற சந்தேகம். யாரோ எதையோ சொல்லிவிட, அவருடைய அப்பாவைக் கூட்டிப்போய் ஒரு ராத்திரி முழுக்க உட்கார வைத்திருந்தார்களாம். அந்த மனிதர் பயப்படுவதில் என்ன தவறு?

வெளிநாட்டில் இதே பொழுதுபோக்குக்கு வயசானவர்கள் சமாச்சாரம் என்ற பெயர்தான் பிரச்சினை என்கிறார்கள். நமக்கு அதோடு சேர்த்து இதுவும் இருக்கிறது. இந்தக் கரையில் யாராவது இதைத் தாண்டி வந்திருந்தால் சொல்லுங்கள்.

---

ஏழு மெகா எழுதியது:

சார், நான் ராமநாதபுரம் டவுன், ஆன் ஏரில் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் கேட்ட அந்த முழங்கால் வலி ஆட்களில் நானும் ஒருவன்தான். நாங்கள் பேசுவது எங்களுக்குத் தேவை, பல பேருக்கு அன்றைக்கு மனிதக் குரல் என்று கேட்பதே அதுதான், அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் பதினான்கு வயசுப் பிள்ளைக்கு முதல் நாள் காட்டுவதற்கு அது பொருந்தாது என்று ஒத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்தப் பயத்தைப் பற்றி. 1993-ல் என் ஓட்டு வீட்டுக்கு மேல் டைபோல் என்ற கம்பி ஆண்டெனா கட்டினேன், ஒரு பக்கம் பத்து பத்து மீட்டர், நடுவில் இருந்து கோஆக்ஸ் கேபிள் இறங்கும். மூன்றாம் நாளே விசாரிக்க வந்துவிட்டார்கள். லைசென்ஸையும், யாரோடு பேசினேன் என்று எழுதி வைக்கும் லாக் புத்தகத்தையும் எடுத்து வைத்தேன். வந்தவருக்கு அதற்கு முன் அப்படி ஒன்றைப் பார்த்த பழக்கம் இல்லை, ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். நான் சி.க்யூ (யாராவது பேச வாருங்கள் என்ற பொது அழைப்பு) கூப்பிட்டு, யார் பதில் சொல்கிறார்கள், என்ன எழுதிக்கொள்கிறேன் என்று எல்லாவற்றையும் காட்டினேன். அதன்பிறகு தெருவில் பார்த்தால் "என்ன, இன்றைக்கு எந்த ஊர் கிடைத்தது?" என்று கேட்பார். இதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். மறைவாக வைத்தால்தான் சந்தேகம் வரும், வாசலில் வைத்தால் வராது. நீங்களும் பள்ளியில் ஒரு சனிக்கிழமை நடத்துங்கள், பெற்றோர், ஊராட்சித் தலைவர், கடலோரக் காவல்காரர்கள் எல்லோரையும் கூப்பிடுங்கள். லைசென்ஸைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுங்கள். லைசென்ஸ் இல்லாத பிள்ளை தனியாக மைக்கைத் தொடாது என்று தலைமை ஆசிரியர் முன்னால் சொல்லுங்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று எந்தப் பையனும் வாக்கி டாக்கி வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது, இந்தக் கரையில் அது வம்பில்தான் முடியும்.

அந்த ரெண்டு பெண் பிள்ளைகளுக்கும் பாரதி பிரசாத் கதையைச் சொல்லுங்கள். 2004 டிசம்பரில் போர்ட் பிளேரில் ஹாம் குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். அந்தமானிலிருந்து ஒரு தொடர்பு கிடைக்காதா என்று உலகம் முழுக்க ஹாம்கள் வரிசையில் நின்ற நேரம் அது. 26-ஆம் தேதி காலையில் சுனாமி. தொடர்புகள் அறுந்து கிடந்த தீவுகளிலிருந்து, உயிரோடு இருக்கிறோம் என்ற தகவல்களை அந்தக் குழு அதே செட்டுகளை வைத்து வெளியே அனுப்பியது. உல்லாசமாகப் போன இடத்தில் கையில் இருந்த சாமானை வைத்து மறு நிமிடமே வேலைக்கு இறங்க முடிந்தது என்றால், அவர்கள் தினமும் அதைத் தொட்டுப் பழகியிருந்ததுதான் காரணம். நம் கரையில் 1964 டிசம்பர் 22 ராத்திரியை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தனுஷ்கோடி போனது, ரயில் போனது, பாம்பன் பாலம் உடைந்தது. எந்த வீட்டில் கேட்டாலும் ஒரு பாட்டி கதை இருக்கும்.

இன்னொன்று. மோர்ஸைப் பழசு என்று ஒளிக்காதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், என் பேரன் வந்து மாற்றினான். புள்ளி, கோடு என்று எழுதிக் காட்டாமல் காதால் கொடுத்துப் பாருங்கள். டா டி டா டிட், டா டா டி டா. இதுதான் சி.க்யூ. தவில் சொற்கட்டு மாதிரி மேஜையில் தட்டிச் சொன்னால் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள், அப்புறம் வகுப்பில் வாத்தியாருக்குத் தெரியாமல் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொள்கிறார்கள்.

வானிலை செயற்கைக்கோள் படம் பிடிப்பதும் நல்லது. அமெரிக்காவின் நோவா 137 மெகாஹெர்ட்ஸில் வரும், புயல் மேகத்தைப் பிள்ளைகளே இறக்கிப் பார்க்கலாம்.

---

அரியமான் அலை எழுதியது:

சார், நான் கீழக்கரை, ராமநாதபுரத்தில் ஈ.சி.ஈ கடைசி வருடம் படிக்கிறேன். ஏழு மெகா அய்யா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். நோவாவின் அந்தப் பழைய செயற்கைக்கோள்கள் 15, 18, 19 மூன்றையும் 2025-ல் நிறுத்திவிட்டார்கள். இப்போது ரஷ்யாவின் மீட்டியார் எம்2 வரிசையைத்தான் பிடிக்கிறோம், அதே 137 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு எஸ்.டி.ஆர் டாங்கிள் (யு.எஸ்.பி-யில் செருகும் சின்ன ரிசீவர்), ரெண்டு கம்பி ஆளுக்கு 53 சென்டிமீட்டர் வைத்து 'வி' மாதிரி விரித்த டைபோல், சாட்டம்ப் மென்பொருள், இது போதும், ஆண்ட்ராய்டு போனிலேயே ஓடும். மன்னார் வளைகுடா, இலங்கை, அதற்கு மேல் நிற்கிற மேகம் எல்லாம் படமாக இறங்கும்போது வீட்டில் இருப்பவர்களும் வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

நான் உள்ளே வந்த கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் நானும் ஒரு முறை ஓடிப்போனவள். முதலாம் வருடம் கல்லூரியில் ஒரு சீனியர் இப்படித்தான் போர்டில் எழுதினார், இரண்டாம் வகுப்பிலேயே நின்றுவிட்டேன். அடுத்த வருடம் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து படம் அனுப்புகிறார்கள் என்று அவரே மறுபடி கூப்பிட்டார். எஸ்.எஸ்.டி.வி என்பார்கள், படத்தைச் சத்தமாக மாற்றி 145.800 மெகாஹெர்ட்ஸில் அனுப்புவது. சாயங்காலம் அரியமான் கடற்கரைக்குப் போனோம். ஆண்டெனா அவர் செய்தது, பி.வி.சி பைப்பில் இஞ்ச் டேப்பை வெட்டிப் பொருத்திய யாகி, ஒரே திசையை நோக்கிப் பிடிக்கும் வகை. டேப் மேல் இருக்கிற மஞ்சள் பெயிண்டை உப்புத்தாள் போட்டுச் சுரண்டிவிட்டுத்தான் சால்டர் வைக்க வேண்டும், அந்த வேலையை என்னிடம் கொடுத்தார், விரல் நுனியெல்லாம் மஞ்சள்.

சவுக்குத் தோப்புக்கு மேலே ஒரு வெளிச்சப் புள்ளி கிளம்பியது. நான் ஆண்டெனாவை அதை நோக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தேன். ஹேண்டியில் (கையடக்க செட்டில்) முதலில் சரசரவென்று இரைச்சல், அப்புறம் அது விலகி விசில் மாதிரி ஒரு சத்தம் மேலும் கீழும் ஓடியது. போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தோம், காற்றுச் சத்தம் உள்ளே போகக் கூடாது என்று என் தம்பி துண்டால் மூடிப் பிடித்தான். ஒரு படம் வர ரெண்டு நிமிடம் ஆகும். மேலே இருந்து ஒவ்வொரு கோடாக இறங்கியது. முக்கால் படம் வந்ததும் நிலையம் கடலுக்குள் இறங்கிவிட்டது, கீழே கால்பங்கு வெறும் புள்ளி. படம் கொஞ்சம் சாய்ந்தும் இருந்தது. இன்றைக்கும் அதைத்தான் போனில் முகப்புப் படமாக வைத்திருக்கிறேன். 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிற ஒன்றுக்கும் என் கைக்கும் நடுவில் எந்தக் கம்பெனியும் இல்லை, நான் சுரண்டிய டேப் மட்டும்தான் இருந்தது. உங்கள் கடைசி பெஞ்சுத் தம்பிக்கு என்னுடைய பதில் இதுதான் சார். ஓம் விதியை அதற்கப்புறம் நானே தேடிப் படித்தேன்.

எஸ்.எஸ்.டி.வி எப்போதும் இருக்காது, அறிவித்துச் சில நாட்கள்தான் அனுப்புவார்கள். ஆனால் நிலையத்தில் கீழிருந்து வரும் குரலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் இருக்கிறது, அது ஓடுகிற நாட்களில் 437.800 மெகாஹெர்ட்ஸில் கேட்கலாம். நிலையம் நம்மை நோக்கி வரும்போது அலைவரிசை பத்து கிலோஹெர்ட்ஸ் மேலே தெரியும், தாண்டிப் போகும்போது கீழே இறங்கும், அதனால் 437.810-ல் ஆரம்பித்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். டாப்ளர் விளைவுக்கு இதைவிட நல்ல செய்முறை உங்கள் ஆய்வகத்தில் இருக்காது. 2025 ஜூலையில் நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா மேலே இருந்தபோது நம் நாட்டு மாணவர்களோடு பேசியதும் ஹாம் ரேடியோவில்தான், அதைச் சொன்னாலே வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

எஃப்.டி.8-ஐயும் சேருங்கள், கம்ப்யூட்டரை செட்டோடு இணைத்துச் சின்னச் சின்னச் செய்தி அனுப்பும் முறை அது. பதினைந்து பதினைந்து நொடியாக ஆளுக்கொரு முறை அனுப்புவது, காதுக்கே கேட்காத சிக்னலையும் கம்ப்யூட்டர் எடுத்துவிடும். வரைபடத்தில் ஊர்கள் ஒவ்வொன்றாக எரிவதைப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'அமெச்சூர்' என்றால் எங்கள் ஊரில் கத்துக்குட்டி, அரைகுறை என்று அர்த்தம். 'ஹாம்' என்றால் என் பெரியம்மா முகம் மாறுகிறது, அது பன்றி இறைச்சியின் பெயராச்சே என்று. நான் வீட்டில் 'வானொலி நிலையம் நடத்துகிறேன்' என்றுதான் சொல்வேன். அது உண்மையும்தானே, லைசென்ஸில் நம்மை ஸ்டேஷன் என்றுதான் குறிப்பிடுகிறார்கள்.

---

ஏழு மெகா எழுதியது:

நோவா விஷயம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது, நன்றி அம்மா. எஃப்.டி.8 பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு, கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்வதில் பிள்ளை எங்கே இருக்கிறது என்று. ஆனாலும் ஒதுக்க மாட்டேன். அதை 2017-ல் ஸ்டீவ் ஃபிராங்கோடு சேர்ந்து கொண்டுவந்த ஜோ டெய்லர் 1993-ல் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர். சிறுவயதில் ஆண்டெனா கட்டி விளையாடியவர்தான் பின்னால் பல்சார் (ரேடியோ அலையில் துடிக்கும் நட்சத்திரம்) பக்கம் போனார். வாத்தியாருக்கு இது உதவும்.

---

நீவாடு எழுதியது:

வணக்கம் சார். நான் பாம்பன். அப்பா நாட்டுப்படகு, நான் கடலுக்குப் போகவில்லை, படகுகளுக்கு வி.எச்.எஃப் ரேடியோ, ஜி.பி.எஸ், ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர் பழுது பார்க்கிறேன். இன்னும் லைசென்ஸ் எடுக்கவில்லை, படித்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லோரும் நல்லதுதான் சொன்னார்கள், ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். உங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு ரேடியோ புதுசே இல்லை. அப்பா கடலில் இருக்கும்போது கரையில் செட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோரும் முதலில் கூப்பிடும் சேனல் 16-ல் இருந்து வேறு சேனலுக்கு மாறிக் குரல் வருகிறதா என்று காத்திருந்த பிள்ளைகள் அவர்கள். "கேக்குதா, கேக்குதா, ஓவர்" என்று மூன்று வயசில் சொன்னவர்கள். அவர்களை முதல் பெஞ்சில் உட்கார வைத்து அலைநீளம் என்றால் என்ன என்று ஆரம்பித்தால் எப்படி சார்? அவர்களிடம் கேளுங்கள், எந்த இடத்துக்குப் போனால் அப்பா குரல் அறுந்துபோகும் என்று. கச்சான் அடிக்கும்போது எப்படி, வாடையில் எப்படி என்றுகூடச் சொல்வார்கள். அதிலிருந்து பாடத்தை எடுங்கள்.

நான் படகுக்காரர்களுக்குச் சொல்கிற கணக்கு ஒன்று இருக்கிறது. ஆண்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அந்த ஆண்டெனா கிலோமீட்டரில் எவ்வளவு தூரம் பார்க்கும் என்று வரும். படகில் 5 மீட்டர் கம்பம் என்றால் ஒன்பது. இரண்டு படகும் அப்படி என்றால் பதினெட்டு. கரையில் 20 மீட்டரில் ஒன்று வைத்தால் அதுக்குப் பதினெட்டு, படகோடு சேர்த்து இருபத்தேழு. வாட் கூடின செட் வாங்கித் தாருங்கள் என்று கேட்பவர்களிடம், கம்பத்தை உயர்த்துங்கள் அண்ணே, காசு மிச்சம் என்பேன். இதைச் சொன்ன அன்றைக்கு ஒரு சின்னப் பையன் மணலில் குச்சியால் கணக்குப் போட்டு அவன் அப்பாவிடமே சண்டைக்குப் போனான்.

அப்புறம் அந்த இலங்கை எஃப்.எம். காற்று விழுந்து கடல் கண்ணாடி மாதிரி கிடக்கிற நாளில் எந்த செட்டில் போட்டாலும் அந்தக் கரை ஸ்டேஷன்கள் வரிசையாக வரும், நம்ம ஸ்டேஷனையே அமுக்கிவிடும். மறுநாள் காற்று எழும்பினால் பாதி காணாமல் போகும். ஏன் என்று கேட்டுப் பாருங்கள். கடல் மேலே குளிர்ந்த காற்று, அதற்கு மேலே சூட்டுக் காற்று மூடி போட்டமாதிரி நின்றுவிட்டால் அலை அந்தக் குழாய்க்குள்ளேயே வளைந்து ஓடும் என்று எனக்கு ஒரு ஹாம்தான் சொன்னார். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த ஆச்சிகளிடம்கூட இதைச் சொல்லலாம், அவர்களுக்கு அந்த நாட்கள் எதெது என்று நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அந்த அப்பா விஷயம். அவரை வகுப்புக்கு ஆசிரியராகக் கூப்பிடுங்கள் சார். படகு வி.எச்.எஃப் வேறு, ஹாம் வேறு, ஹாம் செட்டில் மீன் விலை பேசக் கூடாது, கடல் சேனலில் ஹாம் பேசக் கூடாது, ரெண்டையும் கலக்கக் கூடாது என்று முதலில் அவர் முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள். பிறகு கடலில் எப்படிக் கூப்பிடுவது, இடத்தை எப்படிச் சொல்வது, ஆபத்து அழைப்பான மேடே எப்போது சொல்வது என்பதை அவர் சொல்லட்டும். தன் தொழிலைப் பள்ளிக்கூடத்தில் நின்று சொன்ன மனிதர் பிள்ளையை நிறுத்த மாட்டார்.

இதெல்லாம் மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எல்லாம் கரையில்தான், அப்பாக்கள் வீட்டில், பிள்ளைகளுக்கும் லீவு. எனக்கும் அப்போதுதான் வேலை, எல்லோரும் செட்டைக் கழற்றிக்கொண்டு வருவார்கள். கோஆக்ஸ் நுனியைத் திறந்தால் செம்பெல்லாம் பச்சைக் களிம்பு, உப்பு உள்ளே இறங்கிப் பின்னல் மாவாக உதிரும். அதை வெட்டி, புதுசாகக் கனெக்டர் சால்டர் பண்ணி, மேலே ரப்பர் டேப் இழுத்துச் சுற்றுவது எப்படி என்று நான் சொல்லித் தருகிறேன். பத்துப் பிள்ளை கற்றுக்கொண்டால் கோடையில் கையில் கொஞ்சம் காசும் பார்க்கும்.

---

மண்டபம் வாத்தியார் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் போடாததற்குக் காரணம், போன ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

பள்ளி மைதானத்தில் இல்லை, கடற்கரையில் வைத்தோம். அந்த ரெண்டு பிள்ளைகளும் சனிக்கிழமையே இஞ்ச் டேப் வெட்டி 437-க்கான யாகி செய்துவிட்டார்கள், மெயின் கம்பி 33 சென்டிமீட்டர். நான் சுரண்டச் சொல்ல மறந்துவிட்டேன், சால்டர் ஒட்டவில்லை, மறுபடி இந்தப் பதிவைப் படித்துவிட்டுச் சுரண்டினோம். சாயங்காலம் ஆறே கால் மணிக்கு நிலையம் வந்தது. முதல் நான்கு நிமிடம் ஒன்றும் இல்லை, எனக்கு வியர்த்துவிட்டது. அலைவரிசையை இறக்கிக்கொண்டே வந்தபோது சட்டென்று ஒரு குரல், ஒய்.பி-யில் தொடங்கும் கால்சைன், இந்தோனேசியா. பதில் சொன்னவர் வி.யூ.2, நம் நாட்டுக்காரர். ரெண்டு பேரும் ஒருவருக்கொருவர் சிக்னல் ரிப்போர்ட் மட்டும்தான் கொடுத்துக்கொண்டார்கள், முழுதாக இருபது நொடி இருக்காது. ஆண்டெனாவைப் பிடித்திருந்த பிள்ளை, "சார், அசையாதீங்க, போயிடும்" என்று என்னையே அதட்டினாள்.

பந்து விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் கூடிவிட்டார்கள். வாட்ஸ்அப் கேள்வி கேட்டவனும் அதில் இருந்தான். எதுவும் பேசவில்லை, நிலையம் இறங்கின பிறகு அந்த ஆண்டெனாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடுத்தது எத்தனை மணிக்கு என்று கேட்டான். ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி வரும், ஆனால் வானத்தில் தாழ்வாக என்றேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான், இருந்தான். அது தாழ்வாகத்தான் போனது, இரைச்சல் மட்டும்தான் கேட்டது. ஆனாலும் இருந்தான்.

நீவாடு தம்பி, அந்த அப்பாவைப் போய்ப் பார்த்தேன். வயர்லெஸ் என்ற வார்த்தையையே எடுக்காமல், கடலில் கூப்பிடும் முறையைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர முடியுமா என்று மட்டும் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். கிளம்பும்போது, மேடே மூன்று தடவை சொல்ல வேண்டும், படகுப் பெயரையும் மூன்று தடவை சொல்ல வேண்டும், அதுகூட நிறைய பேருக்குத் தெரியாது என்று அவராகவே சொன்னார்.

ஏழு மெகா அய்யா, டிசம்பர் 22-ஆம் தேதி மாலை பள்ளியிலிருந்து ஸ்டேஷன் போடலாம் என்று இருக்கிறேன். 1964-ல் தப்பித்த குடும்பத்துப் பெரியவர்கள் யாராவது வர முடிந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்து, பிள்ளைகள் கேட்டு எழுதி, அதை நான் ஆன் ஏரில் தமிழில் சொல்லலாம். உங்கள் லாக் புத்தகம் 1993-லிருந்து இருந்தால் கொண்டுவாருங்கள்.

---

ஏழு மெகா எழுதியது:

வருகிறேன். புத்தகம் மூன்று இருக்கிறது, முதல் புத்தகத்தில் கொஞ்சம் கரையான் அரித்திருக்கிறது, மற்றபடி படிக்கலாம். 7 மெகாஹெர்ட்ஸ் டைபோலை என் கையிலேயே கொண்டுவருகிறேன், மைதானத்தில் ரெண்டு வேப்பமரம் இருபது மீட்டர் தள்ளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

---

நீவாடு எழுதியது:

மரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை அய்யா, படகுக் கம்பம் ரெண்டு நான் எடுத்து வருகிறேன். சார், அந்தத் தம்பியை ஒரு நாள் என் கடைக்கு அனுப்புங்கள், சால்டரிங் அயர்ன் சும்மாதான் கிடக்கிறது.